மரவள்ளிக் குருத்தைத் தின்ற ஆடுகள் ஏன் இறந்தன?

கேள்வி: ராசிபுரம் பக்கத்தில் இரண்டு ஏக்கரில் குச்சிக்கிழங்கு போட்டிருக்கிறோம். மூன்று மாதமாகக் காய்ந்து கிடந்த காட்டில் போன வாரம் ஒரு மழை பெய்தது. குருத்து தளதளவென்று வந்துவிட்டது. காலையில் பட்டியிலிருந்து அவிழ்த்த ஆடுகள் வேலியைத் தாண்டிப் போய் அதை மேய்ந்தன. கால் மணி நேரத்தில் மூன்று ஆடுகள் மூச்சு வாங்கித் தள்ளாடின. இரண்டு துடித்து இறந்துவிட்டன. மூன்றாவது படுத்தே கிடந்து மதியம் எழுந்துகொண்டது. வயிறு அப்படியொன்றும் உப்பவில்லை. இறந்த ஆட்டை உடனே அறுத்துப் பார்த்தபோது ரத்தம் பளீரென்று சிவந்திருந்தது. பாம்பு கடித்திருக்கும் என்கிறார்கள் சிலர். பக்கத்துக் காட்டுக்காரர் மருந்து வைத்துவிட்டார் என்கிறார்கள் சிலர். காய்ந்த மரவள்ளி இலையைப் பல வருடமாக ஆட்டுக்குப் போடுகிறோம், ஒன்றும் ஆனதில்லை. இனி இலையே போடக் கூடாதா? அதே காட்டுக் கிழங்கை நாங்கள் சாப்பிடலாமா?

பதில்: முதலில் பக்கத்துக் காட்டுக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், அம்மா. நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகள் எல்லாம் ஒரே பக்கம் கைகாட்டுகின்றன. உங்கள் ஆடுகள் இறந்தது சயனைடு நஞ்சால். அது அந்தக் குருத்துக்குள்ளேயே இருந்தது.

மரவள்ளிச் செடியில் லினமாரின் என்றொரு சர்க்கரைச் சேர்மம் இருக்கிறது. அப்படியே இருக்கும்வரை அதனால் பெரிய கேடில்லை. அதை உடைக்கும் லினமரேஸ் என்ற நொதியும் அதே இலையில்தான் இருக்கிறது. ஆனால் செடி இரண்டையும் சேரவிடுவதில்லை. லினமாரின் செல்லின் உள்ளறையில் இருக்கும். நொதி செல்லின் சுவரில் இருக்கும். இலையைப் பூச்சியோ ஆடோ கடித்து நசுக்கும்போதுதான் இரண்டும் கலக்கின்றன. லினமாரின் உடைந்து, கடைசியில் ஹைட்ரஜன் சயனைடு வாயு வெளிவருகிறது. மேய வருவதை விரட்டச் செடி வைத்திருக்கும் காவல் இது.

மாணவர்களுக்கு இதைக் கண்ணால் காட்ட ஓர் எளிய சோதனை உண்டு. இரண்டு கண்ணாடிக் குப்பிகள். ஒன்றில் முழுக் குருத்து, இன்னொன்றில் அதே குருத்தைக் கல்வத்தில் நசுக்கியது. சயனைடு வாயு பட்டால் நிறம் மாறும் பிக்ரேட் என்ற ரசாயனம் தடவிய மஞ்சள் காகிதத் துண்டை இரண்டிலும் தொங்கவிட்டு மூடிவைப்போம். நசுக்கிய குப்பியில் இருக்கும் காகிதம் ஆரஞ்சாகி, பிறகு செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். முழு இலை இருக்கும் குப்பியில் அது மஞ்சளாகவே நிற்கும். ஒரே செடி, ஒரே இலைதான். நசுங்கியதும் நசுங்காததும் மட்டுமே வித்தியாசம்.

ஆட்டின் வாயில் நடப்பது அந்த இரண்டாவது குப்பியில் நடப்பதுதான். போதாக்குறைக்கு, அசைபோடும் விலங்கின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்களும் லினமாரினை உடைக்க வல்லவை. அதனால்தான் பன்றி, குதிரையைவிட ஆடு, மாடுகளுக்கு இந்த நஞ்சு வேகமாக ஏறுகிறது. உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 2 மில்லிகிராம் சயனைடு ஒரே மூச்சில் உள்ளே போனால் உயிருக்கு ஆபத்து. 25 கிலோ ஆட்டுக்கு அது 50 மில்லிகிராம். குருத்தில் கிலோவுக்கு 500 மில்லிகிராம் இருப்பதாக வைத்துக்கொண்டால், 100 கிராம் இலை போதும். இரண்டு கைப்பிடி.

ரத்தம் ஏன் அவ்வளவு சிவப்பாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நோயைக் கண்டுபிடிக்க அதுதான் சாட்சி. சயனைடு, உடலின் செல்கள் பிராணவாயுவைப் பயன்படுத்தும் இடத்தைப் பூட்டிவிடுகிறது. ரத்தத்தில் பிராணவாயு நிறைய இருக்கும், ஆனால் எடுத்துக்கொள்ள ஆளில்லை. இலை நிறையச் சோறு பரிமாறிவிட்டுக் கையைக் கட்டிப்போட்டது போல. அதனால் திரும்பி வரும் ரத்தமும் சிவந்தே இருக்கிறது. நைட்ரேட் நஞ்சாக இருந்தால் ரத்தம் காப்பிப்பொடி நிறத்தில் இருந்திருக்கும். உப்புசமாக இருந்தால் இடது விலா மேளம் போல் வீங்கியிருக்கும். இறந்த ஆட்டுக் கறியை யாரும் சாப்பிட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். இனியும் இப்படி இறந்ததைப் புதைத்துவிடுங்கள், நாய்க்கும் போட வேண்டாம்.

பல வருடம் ஆகாதது இப்போது ஏன் ஆனது? மூன்று காரணங்கள் ஒரே காலையில் சேர்ந்துவிட்டன. வறட்சியில் மரவள்ளி தன் நஞ்சைக் கூட்டிக்கொள்ளும். முற்றிய இலையைவிடக் குருத்தில் அது அதிகம். இரவு முழுக்க வெறும் வயிற்றோடு இருந்த ஆடுகள் அதை அவசரமாக விழுங்கியிருக்கின்றன. கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருந்தால் ஈரல் சயனைடைக் கந்தகத்தோடு சேர்த்து, கடுமை குறைந்த தயோசயனேட்டாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பியிருக்கும். உங்கள் மூன்றாவது ஆடு பிழைத்தது அப்படித்தான். அறிகுறி தெரிந்து ஒன்றிரண்டு மணி நேரம் தாக்குப்பிடித்த ஆடு பெரும்பாலும் தேறிவிடும்.

இதற்கு மாற்று மருந்து இருக்கிறது. சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தயோசல்பேட்டும் கால்நடை மருத்துவர் நரம்பில் போட வேண்டியவை. மறுபடி இப்படி நேர்ந்தால் அந்த நிமிடமே கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-க்கு அழையுங்கள், “மரவள்ளி தின்றது” என்ற வார்த்தையை முதலில் சொல்லுங்கள். மூச்சுத் திணறும் ஆட்டின் வாயில் வெல்லத் தண்ணீரோ எண்ணெயோ ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் போய், பிழைக்க இருந்த ஆட்டையும் கொன்றுவிடும்.

இலையைக் கைவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காய்ந்த மரவள்ளி இலையில் புரதம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. கோடையில் அதை எரித்துத் தள்ளுவது பாவம். நஞ்சு ஆட்டின் வயிற்றுக்குள் பிறக்காமல் களத்திலேயே பிறந்து காற்றில் போகும்படி நாம் செய்துவிட வேண்டும், அவ்வளவுதான். ஹைட்ரஜன் சயனைடு 26 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். நம் ஊர் வெயிலுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் முழு இலையை அப்படியே வெயிலில் போட்டால், செல் உடையும் முன்பே இலை காய்ந்து நொதி வேலை செய்யாமல் போகும். ஆகவே அரிவாளால் விரல்கடை அளவுக்குப் பொடிப்பொடியாக நறுக்குங்கள். அரை நாள் நிழலில் மெல்லியதாகப் பரப்பி வையுங்கள். பிறகு இரண்டு, மூன்று நாள் நல்ல வெயிலில், கையில் எடுத்தால் நொறுங்கும்வரை காயவிடுங்கள். வாடியது போதும் என்று நிறுத்திவிடாதீர்கள். பாதி வாடிய இலையை நம்பித்தான் பலர் ஆட்டை இழக்கிறார்கள்.

அப்படிக் காய்ந்ததையும் மொத்தத் தீவனத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் தர வேண்டாம், வெறும் வயிற்றில் தரவே வேண்டாம். தயோசயனேட் நாள்பட்டால் தைராய்டைப் பாதிக்கும். அயோடின் உள்ள தாது உப்புக் கலவையை விடாமல் கொடுங்கள். சினை ஆட்டுக்கு இந்த இலையைத் தவிர்ப்பதே என் வழக்கம்.

இனி கிழங்கு. உங்களுடையது ஆலைக்குப் போகும் ரகமா, வீட்டுச் சமையலுக்கான ரகமா என்று நீங்கள் எழுதவில்லை. ஆலை ரகத்தை, அதுவும் வறட்சியில் வளர்ந்ததை, சாப்பாட்டுக்கு எடுக்காதீர்கள். ஜவ்வரிசிக்கு அரைத்துக் கழுவும்போது நஞ்சு பெரும்பாலும் தண்ணீரோடு போய்விடுகிறது. அதனால் ஆலைக்கு அது ஒத்துவரும். ஆனால் அந்தக் கழிவுநீரை ஆடு, மாடு குடிக்கவிடாதீர்கள். சமையல் ரகமென்றால் தாராளமாகச் சாப்பிடலாம். சதையைவிடத் தோலில் நஞ்சு அதிகம் என்பதால் தோலைத் தடிமனாகச் சீவி, ஆட்டுக்கும் போடாமல் குப்பைக் குழிக்கு அனுப்புங்கள். கிழங்கைச் சின்னத் துண்டுகளாக்கிப் பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பேற்றுங்கள். கொதிக்கும் தண்ணீரில் நேராகப் போட்டால் நொதி செத்துவிடும், லினமாரின் உடையாமல் தங்கிவிடும். வெந்த தண்ணீரை நிறைய விட்டு வடித்துக் கொட்டுங்கள். நம் பாட்டிமார் முதல் தண்ணீரை வடித்தது இதற்காகத்தான். கசந்தால் துப்பிவிடுங்கள், குழந்தை கசக்கிறது என்றால் அதட்டிச் சாப்பிட வைக்காதீர்கள்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1981-இல் மொசாம்பிக்கின் நம்புலா மாகாணத்தில் பெரும் வறட்சி. பசியில் கசப்பு மரவள்ளியைச் சரியாகப் பக்குவப்படுத்தாமல் உண்ட மக்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கால்கள் விறைத்து முடங்கின. அவர்களில் பெண்களும் குழந்தைகளுமே அதிகம். கொன்சோ என்ற அந்த முடக்கம் திரும்பச் சரியாவதில்லை. பின்னாளில் ஆஸ்திரேலிய விஞ்ஞானி ஹோவர்ட் பிராட்பரி சொன்ன தீர்வு இவ்வளவுதான்: மரவள்ளி மாவைத் தண்ணீரில் பிசைந்து மெல்லியதாகப் பரப்பி, வெயிலில் இரண்டு மணி நேரமோ நிழலில் ஐந்து மணி நேரமோ வைத்துவிட்டுப் பிறகு சமைப்பது. நீங்கள் கிழங்கு அடைக்குப் பச்சையாகத் துருவி அரைத்தால், மாவை உடனே கல்லில் ஊற்றாமல் அதேபோல் தட்டில் பரப்பி வைத்திருங்கள்.

இன்னொன்று, இன்றைக்கே பார்க்க வேண்டியது. உங்கள் பக்கத்தில் சோளம் அறுத்த கட்டை இருந்தால் அதே மழைக்கு அதுவும் துளிர்த்திருக்கும். அந்தத் துளிரில் துரின் என்ற சேர்மம் இருக்கிறது; அதுவும் சயனைடுதான் விடும். பயிர் பூக்கும்வரை ஆட்டையும் மாட்டையும் அந்தப் பக்கம் அவிழ்த்துவிடாதீர்கள்.