ஆங்கில மீடியத்தில் படித்தவர்கள் பிரிட்டனில் இளங்கலை சேர ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வை எழுதியே ஆக வேண்டுமா?

எல்லோரும் எழுத வேண்டியதில்லை. ஆனால் "நான் ஆங்கில மீடியம்" என்று சொன்னால் மட்டும் விட்டுவிட மாட்டார்கள்.

இதில் விசா விதி வேறு, பல்கலைக்கழக விதி வேறு. பட்டப்படிப்புக்கான மாணவர் விசாவுக்குப் பி2 என்ற ஆங்கிலத் தரம் (நடுத்தரத்துக்குச் சற்று மேல்) போதும். அதைப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் தாங்களே மதிப்பிட்டுச் சான்று தரலாம். அதனால்தான் சில இடங்களில் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கில மதிப்பெண்ணையே ஏற்கிறார்கள். எந்த போர்டு, எத்தனை மதிப்பெண் என்பது இடத்துக்கு இடம் மாறும். சேர்க்கைப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பட்டப்படிப்புக்கு முந்தைய ஃபவுண்டேஷன் கோர்ஸ் என்றால் இந்தச் சலுகை கிடையாது. விசாவுக்கென அங்கீகரித்த தேர்வைத்தான் எழுத வேண்டும். சாதாரண ஐஇஎல்டிஎஸ் செல்லாது, 'யூகேவிஐ' (பிரிட்டன் விசாத் துறைக்கானது) வகையைப் பதிவு செய்ய வேண்டும்.

சரி, தேர்வு எழுதுகிறீர்கள் என்றால் பலர் சறுக்குவது ஓரிடத்தில்தான். மதிப்பெண் 9-க்குத்தான். "மொத்தம் 6.5, எதிலும் 6-க்குக் குறையக் கூடாது" என்று பல்கலைக்கழகத்தில் கேட்டிருப்பார்கள். கேட்டலில் 7, வாசிப்பில் 7, பேச்சில் 6.5, எழுத்தில் 5.5 வாங்கினால் சராசரி 6.5 வந்துவிடும், ஆனாலும் தகுதி இல்லை. நம் பிள்ளைகளுக்கு உதைப்பது பெரும்பாலும் எழுத்துதான். பயிற்சி நேரத்தில் பாதியை அதற்கே கொடுங்கள்.

மதிப்பெண் 2 ஆண்டுகள்தான் செல்லும், ரொம்ப முன்கூட்டியும் எழுதிவிடாதீர்கள். கொஞ்சம் குறைந்தால், படிப்புக்கு முன் சில வாரங்கள் நடத்தும் ஆங்கில வகுப்பில் சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகங்களும் உண்டு. அதற்குக் கட்டணம் தனி.