வாசகர் கேள்வி – பதில்: வீட்டுக் கேமராவும் வெளியார் கண்ணும்

வாசலில் ஒன்று, ஹாலில் ஒன்று என வைஃபை கேமரா மாட்டியிருக்கிறோம். படம் இணையத்துக்குப் போகாமல் வீட்டுக்குள் மட்டும் பார்க்கும்படி வைக்க முடியுமா?
– வாசகி, திருச்சி

முடியும், ஆனால் எல்லாக் கேமராவிலும் அல்ல. பெட்டியிலோ செயலியின் செட்டிங்ஸிலோ ஆர்டிஎஸ்பி (கேமராவின் படத்தை நேரடியாக வேறு கருவிக்கு அனுப்பும் முறை) அல்லது ஓன்விஃப் என்று இருக்கிறதா பாருங்கள். ஓன்விஃப் என்பது 2008இல் ஆக்ஸிஸ், பாஷ், சோனி மூன்றும் சேர்ந்து தொடங்கிய பொதுத் தரம். அது இருந்தால் வேறு நிறுவனத்தின் என்விஆர் (கேமராப் படங்களைப் பதிவு செய்யும்) பெட்டியிலும் உங்கள் கேமராவை இணைக்கலாம். இரண்டும் இல்லாத கேமராவுக்கு அந்த நிறுவனத்தின் செயலியும் சர்வரும்தான் கதி. நாளை அவர்கள் சேவையை நிறுத்தினால் நல்ல நிலையில் இருக்கும் கேமராவும் வீண். புதிதாக வாங்குபவர்கள் மெகாபிக்சலைக் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்.

ரவுட்டரின் பக்கத்துக்குள் (பல வீடுகளில் 192.168.1.1) நுழைந்து, இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலில் கேமராவின் மேக் முகவரியை, அதாவது அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு மாறாத ஐபி எண் (வீட்டு இணைப்புக்குள் அதன் முகவரி) ஒன்றை ஒதுக்குங்கள். பிறகு பேரன்ட்டல் கன்ட்ரோல் அல்லது ஆக்சஸ் கன்ட்ரோல் பகுதியில் அந்தக் கேமராவுக்கு மட்டும் இணையத்தைத் தடுங்கள். கேமராவின் கையேட்டில் உள்ள ஆர்டிஎஸ்பி முகவரியை விஎல்சி பிளேயரில் கொடுத்தால் வீட்டுக் கணினியில் படம் வரும். போர்ட் எண் (கருவிக்குள் நுழையும் வாசலின் எண்) பெரும்பாலும் 554. தடை உண்மையிலேயே விழுந்ததா என்று பார்க்க, செல்போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் செயலியைத் திறங்கள். படம் தெரிந்தால் தடை விழவில்லை.

இதில் பலரும் தவறவிடுவது கடிகாரம். கேமரா நேரத்தை இணையத்திலிருந்துதான் எடுக்கிறது. இணையத்தை மறித்தபின் மின்சாரம் போய் வந்தால், பல கேமராக்கள் 1970ஆம் ஆண்டுக்குப் போய்விடும். திருட்டு நடந்த நேரத்தைக் காட்ட வேண்டிய பதிவில் தேதியே தப்பாக இருந்தால் அதைக் காவல் நிலையத்தில் கொடுத்து என்ன பயன்? என்விஆர் இருந்தால் கேமராவின் என்டிபி (நேரம் எடுக்கும் இடம்) முகவரியாக என்விஆரின் ஐபி எண்ணைக் கொடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் தேதியைச் சரிபாருங்கள்.

கெஸ்ட் வைஃபையில் (விருந்தினருக்கான தனி வைஃபை) கேமராவைப் போட்டால் போதும் என்று சொல்வார்கள். உங்கள் கணினியைக் கேமராவிடமிருந்து காக்க அது உதவும். ஆனால் இணைய வழி திறந்தே இருக்கும். உங்கள் தேவைக்கு நேர் எதிர் அது.

ஹாலில் இருப்பதைக் கழற்றிவிடுங்கள் என்பதே எங்கள் கருத்து. திருடன் வருவது வாசல், கொல்லை, மொட்டைமாடிப் படி வழியாக. ஹாலில் பதிவாவது வீட்டாரின் நடமாட்டம்தான். முதியவரைக் கவனிக்க அவசியம் என்றால் ஒலிப்பதிவை அணைத்துவிட்டு, வீட்டில் ஆள் இருக்கும்போது பிளக் சுவிட்சையே அணைத்து வையுங்கள்.

வெளியூரிலிருந்து பார்ப்பதற்காக, கேமரா மாட்டியவர் போர்ட் ஃபார்வர்டிங் செய்து கொடுத்தார். இது பாதுகாப்பா?
– வாசகர், மதுரை

இல்லை. போர்ட் ஃபார்வர்டிங் என்பது வெளி இணையத்திலிருந்து கேமராவுக்கு நேராக வாசல் திறந்துவிடுவது. இன்றே எடுத்துவிடுங்கள். இணையத்தை நோக்கித் திறந்திருக்கும் போர்ட்டுகளைத் தேடும் நிரல்கள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. 2016இல் மிராய் என்ற தீநிரல், ஆலையிலேயே வைக்கப்பட்ட அறுபதுக்கும் மேற்பட்ட பயனர்பெயர்–பாஸ்வேர்டு இணைகளை முயன்று பார்த்தே ஏராளமான கேமராக்களையும் டிவிஆர் பதிவுப் பெட்டிகளையும் பிடித்தது. அந்த அக்டோபரில் தளப் பெயர்களை ஐபி எண்ணாக மாற்றித் தரும் டின் நிறுவனத்தின் சர்வர்களை அவை தாக்கியபோது ட்விட்டர் உட்பட பல தளங்கள் முடங்கின. மிராய் நினைவகத்தில் மட்டுமே தங்கும் என்பதால் கேமராவை அணைத்துப் போட்டால் போய்விடும். ஆனால் பழைய பாஸ்வேர்டோடு இணையத்துக்குத் திரும்பினால் மறுபடி தொற்றும். அதனால் முதலில் ரவுட்டரின் இணையக் கேபிளைக் கழற்றுங்கள். கேமராவை அணைத்துப் போட்டு, பாஸ்வேர்டை மாற்றி, போர்ட் ஃபார்வர்டிங்கையும் யுபிஎன்பியையும் நிறுத்தியபின் கேபிளை மாட்டுங்கள். யுபிஎன்பியை விட்டுவைத்தால் கேமரா தானே மறுபடி கதவைத் திறந்துகொள்ளும்.

கூடவே, யூசர் பட்டியலையும் பாருங்கள். மாட்டியவரின் செல்போன் எண்ணிலோ மின்னஞ்சலிலோ அட்மின் கணக்கு இருப்பது நம் ஊரில் சாதாரணம். அதை நீக்கி, உங்கள் பெயரில் ஏற்றுங்கள்.

வெளியிலிருந்து பார்க்க, ரவுட்டரில் வயர்கார்டு (வீட்டு இணைப்புக்குப் பாதுகாப்பான தனி வழி தரும் விபிஎன்) வசதி இருந்தால் அதுதான் சிறந்த வழி. ரவுட்டரின் வான் ஐபி (இணையப் பக்கத்து முகவரி) 100.64 முதல் 100.127 வரையான எண்ணில் தொடங்கினால், ஒரே பொது முகவரியை உங்கள் இணைய நிறுவனம் பலருக்குப் பங்கிடுகிறது என்று பொருள். வெளியிலிருந்து வயர்கார்டு இணைப்பு வந்து சேராது. அப்போது வீட்டில் எப்போதும் ஓடும் ராஸ்பெர்ரி பை சிறுகணினி அல்லது பழைய கணினியில் டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் மென்பொருளைப் போட்டு, அந்தக் கணினியைச் சப்நெட் ரவுட்டராக (மற்ற வீட்டுக் கருவிகளுக்கு வழி தரும் இடைக்கருவி) அமையுங்கள். கேமராவுக்குள் எதையும் நிறுவ வேண்டியதில்லை.

128 ஜிபி கார்டில் எத்தனை நாள் பதிவு நிற்கும்?
– வாசகர், ஈரோடு

பிட்ரேட்டை, அதாவது நொடிக்குப் பதிவாகும் தரவின் அளவைப் பொறுத்தது. 2 எம்பிபிஎஸ் என்றால் மணிக்கு 900 எம்பி, நாளுக்கு 21.6 ஜிபி, ஆறு நாளுக்குச் சற்றுக் குறைவு. 1 எம்பிபிஎஸ் ஆக்கினால் இரட்டிப்பு. ஹெச்.265 (படத்தைச் சுருக்கும் முறை) இருந்தால் அந்தக் குறைந்த அளவிலும் முகம் ஓரளவு தெளிவாக வரும். இடைவிடாத எழுத்தைச் சாதாரண கார்டு நெடுநாள் தாங்காது. ‘ஹை என்டியூரன்ஸ்’ என்று போட்டதை வாங்குங்கள். கெட்ட கார்டு சத்தமின்றிப் பதிவை நிறுத்திவிடும். மாதம் ஒருமுறை முந்தின நாள் பதிவை ஓட்டிப் பாருங்கள்.

பக்கத்து வீட்டுக் கேமரா எங்கள் படுக்கையறை ஜன்னலை நோக்கியிருக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, தஞ்சாவூர்

முதலில் நேரில் பேசி, அவர்கள் திரையில் உங்கள் ஜன்னல் தெரிகிறதா என்று காட்டச் சொல்லுங்கள். பல கேமராக்களில் பிரைவசி மாஸ்க் வசதி உண்டு. ஜன்னல் விழும் பகுதியில் கறுப்புக் கட்டம் போட்டுவிட்டால் பதிவிலும் அது வராது. மறுத்தால் புகார் கொடுக்கலாம். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொந்த, வீட்டு உபயோகத்துக்கு விலக்கு தருவதால், அதை மட்டும் நம்ப வேண்டாம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவு, ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை அனுமதியின்றிப் படம்பிடிப்பதை மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றமாக்குகிறது. பெண்ணின் அந்தரங்கச் செயலைப் படம்பிடித்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவும் பொருந்தும்.

பேச்சு முடியும்வரை ஜன்னலை மறைக்க, கண்ணாடிபோல் மின்னும் ஒருவழி ஃபிலிம் ஒட்டுவார்கள். அது பகலில் மட்டுமே பயன் தரும். இரவில் உள்ளே விளக்கெரிந்தால் வெளியே எல்லாம் தெரியும். தடித்த திரைச்சீலையும் சேர்த்துப் போடுங்கள்.