நாற்காலியில் தூங்கிய பையன்

கேள்வி: நான் மலேசியாவில், கிள்ளானில் ஒரு சீன இடைநிலைப்பள்ளியில் 11 வருஷமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் தமிழ் ஆசிரியை. என் ஐந்தாம் படிவ மாணவர்கள் 34 பேரும் வீட்டில் மாண்டரினோ ஹொக்கியனோ பேசுகிறவர்கள். ஐந்தாம் படிவ முடிவில் வரும் எஸ்பிஎம் அரசுத் தேர்வுக்கு முன்னால் வகுப்பிலேயே ஒரு பேச்சுத் தேர்வு வைத்தேன். பாதிப் பேருக்கு மேல் 24க்கு 10 கூட வரவில்லை. "பெற்றோர் வந்து நிற்பார்கள், எல்லோருக்கும் நாலு நாலு கூட்டிப் போடுங்கள்" என்கிறார் ஆங்கிலப் பாடப் பொறுப்பாளர். "ஊரோடு ஒத்துப் போ" என்கிறார் என் கணவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. நான் அநியாயமாக எதையும் குறைக்கவில்லை. உதாரணத்துக்கு ஒரு பையன், 17 வயது. 'நீ மதிக்கும் ஒருவர்' என்பது தலைப்பு. "மை கிராண்ட்மதர் சிக். ஹீ ஸ்லீப் ஹாஸ்பிட்டல். ஐ ஸ்லீப் சேர்." இவ்வளவு சொல்லிவிட்டு நிறுத்திவிட்டான். ஒன்பது சொல்லில் ஐந்து பிழை! பாட்டியைப் போய் 'ஹீ' என்கிறான். 5 மதிப்பெண் போட்டேன். இன்னொரு பெண் எடிசனைப் பற்றித் தங்குதடையில்லாமல் இரண்டு நிமிடம் பேசினாள். அவளுக்கு 21. நேர்மையாக இருப்பதா, கூட்டிப் போடுவதா? நீங்களே சொல்லுங்கள்.
பெயர் வேண்டாம், கிள்ளான்

பதில்:

டீச்சர், கூட்டிப் போடாதீர்கள். கேட்ட கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். மதிப்பெண்ணைக் கூட்டச் சொல்லும் மேலதிகாரி, ஒத்துப் போகச் சொல்லும் கணவர் என்று ஆசிரியைகளிடமிருந்து இந்தக் கடிதம் எனக்குப் பல தடவை வந்திருக்கிறது. 'நீங்கள் நேர்மையானவர், மனசாட்சிப்படி நடங்கள்' என்று நான் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். எழுதப் போவதில்லை. ஏனென்றால் உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

ஐ ஸ்லீப் சேர்.

நாற்காலியில் தூங்குகிறேன் என்று அந்தப் பையன் உங்களிடம் சொல்லியிருக்கிறான். பாட்டிக்கு உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார், நான் பக்கத்தில் நாற்காலியில் தூங்குகிறேன். ஒன்பது சொல்லில் மூன்று செய்தி. உங்களுக்கும் புரிந்தது, எனக்கும் புரிந்தது. புரிந்த பிறகு நீங்கள் செய்தது பிழையை எண்ணியது. எண்ணிக்கை சரிதான், நானும் எண்ணிப் பார்த்தேன், ஐந்துதான். ஆனால் 'பாட்டிக்கு இப்போது எப்படி இருக்கிறது?' என்று கேட்டதாக உங்கள் கடிதத்தில் எங்கேயும் இல்லை. கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள்.

வார்டு நாற்காலியில் தூங்கியிருக்கிறீர்களா? என் அம்மாவின் கடைசி நாட்களில் நான் 19 இரவு தூங்கியிருக்கிறேன். அதன் கைப்பிடி விலாவில் குத்தும். தலை சாய இடமிருக்காது, கழுத்து ஒரு பக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தாதி மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும் ஒவ்வொரு தடவையும் முழிப்பு வரும். அம்மா இருமினால் எழுந்து தண்ணீர் கொடுத்துவிட்டு மறுபடி உட்காரும்போது அந்தப் பிளாஸ்டிக் சில்லிட்டுப் போயிருக்கும். அந்தப் பையன் அப்படி ஒரு இரவைக் கழித்துவிட்டு, காலையில் பள்ளிச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கலாம். வந்தவனிடம் 'நீ மதிக்கும் ஒருவரைப் பற்றிப் பேசு' என்றீர்கள். எடிசன், பூப்பந்து வீரர் லீ சோங் வெய் என்று யாரையாவது சொல்லியிருக்கலாம். அவன் பாட்டியைச் சொன்னான். மூன்றாவது வாக்கியத்தில் நிறுத்திவிட்டான். ஆங்கிலம் போதாமல்தான் நிறுத்தினான் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா?

அந்த 'ஹீ'க்கு வருவோம், அதற்குத்தான் ஆச்சரியக்குறிக்குப் பதிலாக ஒரு 'போய்' போட்டிருக்கிறீர்கள். 11 வருஷம் சீனப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்தவர் அப்படி எழுதலாமா? மாண்டரினில் அவன், அவள், அது மூன்றுக்கும் ஒரே ஒலி: 'தா'. எழுத்தில்தான் வேறுபாடு, அதுவும் பழைய காலத்து வழக்கம் இல்லை. பெண்ணுக்கென்று தனி எழுத்து பரவியது லியூ பான்னோங் என்ற கவிஞரின் காலத்தில், சுமார் 100 வருஷத்துக்கு முன்னால். ஹொக்கியனிலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே 'இ'. பள்ளியில் படிக்கும் மலாயிலோ 'டியா', அதுவும் இருவருக்கும் பொது. ஆக, அவன் அன்றாடம் பேசும், படிக்கும் மூன்று மொழிகளிலும் இந்தப் பாகுபாடு காதில் விழுவதே இல்லை. நாலாவதாக வந்த மொழியில் மட்டும், வாய் திறக்கும் ஒவ்வொரு தடவையும், பேசப்படுகிறவர் ஆணா பெண்ணா என்று யோசித்துச் சொல்ல வேண்டும். தன் பாட்டி பெண் என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை. அவன் நாக்குக்கு இன்னும் பழகவில்லை.

நாமும் வீட்டில் என்ன சொல்கிறோம்? 'பாட்டி தூங்குறாங்க', 'தாத்தா தூங்குறாங்க'. பெரியவர்கள் என்று வந்துவிட்டால் ஆண், பெண் பார்க்காமல் 'அவங்க' என்போம். மரியாதைக்கு அப்படி ஒரு சொல் வைத்திருக்கும் மொழியில் வளர்ந்த நீங்கள்தான் இதை முதலில் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

மற்ற பிழைகளும் அப்படித்தான். 'கிராண்ட்மதர் சிக்' என்று 'இஸ்' இல்லாமல் சொன்னான். மாண்டரினில் அந்த இடத்தில் அப்படியொரு சொல் தேவையில்லை. நாமும் 'அவர் நல்லவர்' என்று சொல்லி நிறுத்துகிறோமே. 'ஸ்லீப்' மாறாமல் நிற்கிறது, ஏனென்றால் சீன வினைச்சொல் ஆளுக்கு ஏற்றபடி மாறாது. இன், ஆன், அட் மூன்றும் செய்யும் வேலையை மாண்டரினில் பெரும்பாலும் ஒரே சொல் செய்துவிடும், அதனால் ஆங்கிலத்தில் எதைப் போடுவது என்று தடுமாறும் பிள்ளைகள் எதையுமே போடாமல் விட்டுவிடுவார்கள். இவை கண்டபடி விழுந்த பிழைகள் இல்லை. ஒவ்வொன்றும் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் இரண்டு மாதத்தில் பாதியைச் சரிசெய்துவிடலாம். ஐந்தையும் எண்ணிக் கீழே கோடு போட்டுவிட்டால் எதையும் சரிசெய்ய முடியாது.

இதே பையனின் மொழியில் அப்பாவின் அண்ணனுக்கு 'போஃபு', தம்பிக்கு 'ஷூஷூ', அம்மாவின் சகோதரனுக்கு 'ஜியூஜியூ'. நம் பெரியப்பா, சித்தப்பா, மாமா மாதிரியே. அப்பாவின் அம்மா வேறு சொல், அம்மாவின் அம்மா வேறு சொல். உறவுக்கு இவ்வளவு கணக்கு வைத்திருக்கும் பிள்ளையை, 'ஹீ' என்ற ஒரு எழுத்துப் பிசகை வைத்து, பாட்டியைக்கூடத் தெரியாதவன் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை.

சரி, மதிப்பெண்ணுக்கு வருகிறேன், அதிலும் உங்களை விடப் போவதில்லை. 2021லிருந்து எஸ்பிஎம் ஆங்கிலம் சிஇஎஃப்ஆர் அளவுகோலை ஒட்டி நடக்கிறது. ஐரோப்பிய மன்றம் 2001ல் வெளியிட்ட அளவுகோல் அது, மொழித்திறனை ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று கீழிருந்து மேலாக ஆறு நிலையாகப் பிரிக்கும். பிள்ளைக்கு என்ன தெரியாது என்பதைவிட, இந்த மொழியை வைத்துக்கொண்டு அவனால் என்ன செய்ய முடிகிறது என்று பார்ப்பதற்காகவே அதை உருவாக்கினார்கள். ஏ2 நிலையில் அடிப்படைப் பிழைகள் திரும்பத் திரும்ப வரும், ஆனாலும் என்ன சொல்ல வருகிறான் என்பது பெரும்பாலும் விளங்கும் என்று அதிலேயே இருக்கிறது. அந்த ஒன்பது சொல்லையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐந்தாம் படிவத்தில் எதிர்பார்ப்பது பி1 அல்லது பி2. அவன் இன்னும் அங்கே வரவில்லை, நானும் வந்துவிட்டான் என்று சொல்லவில்லை. ஆனால் பேச்சுத் தேர்வில் நாலு பகுதியாக மதிப்பிடுகிறோம்: இலக்கணம், சொல்வளம், உரையாடும் திறன், மொத்தத்தில் எப்படி. நீங்கள் இலக்கணத்தில் கண்ட ஐந்து பிழையை நாலு இடத்திலும் கழித்திருக்கிறீர்கள் என்பது என் ஊகம். அந்த 5 வேறு எப்படி வந்தது?

அந்தப் பெண்ணின் 21க்கு என்ன கணக்கு? எடிசனைப் பற்றி இரண்டு நிமிடம் தடையில்லாமல். மனப்பாடம் செய்து ஒப்பித்தாளா, தானே பேசினாளா? நடுவில் ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தீர்களா? 'உன் வீட்டில் ஒரு நாள் கரண்ட் போனால் என்ன செய்வாய்?' என்று சும்மா கேட்டிருந்தாலே தெரிந்திருக்கும். அவள் உண்மையிலேயே நன்றாகப் பேசக்கூடியவளாக இருக்கலாம், அந்தப் பிள்ளையைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒப்பித்தது எது, பேசியது எது என்று பிரித்துப் பார்க்காமல் போட்ட 21க்கும், உங்கள் பொறுப்பாளர் கூட்டச் சொல்லும் நாலுக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இரண்டுமே அளக்காமல் போட்டவை. நேர்மை என்ற சொல்லை நீங்கள் உங்கள் பக்கம் வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள். அது இன்னும் உங்களுடையது ஆகவில்லை.

இனி செய்ய வேண்டியது. 34 பேருக்கும் மறுபடி தேர்வு வையுங்கள். நேரமில்லை என்று சொல்லாதீர்கள். எஸ்பிஎம்மில் இரண்டிரண்டு பேராகத்தான் உட்கார வைக்கிறார்கள், 17 ஜோடி. ஒரு நாளைக்கு மூன்று ஜோடி என்றால் ஆறு நாளில் முடிந்துவிடும். உண்மையான தேர்வில் ஒருவர் கேள்வி கேட்பார், இன்னொருவர் மதிப்பெண் போடுவார். நீங்கள் தனியாக இரண்டையும் செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தாளில் எழுதிக்கொண்டே பேசுகிறவனின் முகத்தை எப்படிப் பார்க்க முடியும்? இந்தத் தடவை பேனாவை மூடி வையுங்கள். பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, சம்மதம் வாங்கிக்கொண்டு, கைப்பேசியில் குரலை மட்டும் பதிவு செய்யுங்கள். ஒரு பிள்ளை நிறுத்தினால் அடுத்த கேள்வியைக் கேளுங்கள், அதற்கடுத்ததையும் கேளுங்கள். இது வகுப்புத் தேர்வு, கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

வீட்டுக்குப் போய் ஒவ்வொரு பதிவையும் இரண்டு தடவை கேளுங்கள். முதல் தடவை என்ன சொல்கிறான் என்று மட்டும். பிழைகளைக் குறிப்பது இரண்டாவது தடவைதான். அப்புறம் ஐந்தாறு பதிவை எடுத்து, உங்கள் மதிப்பெண்ணைக் காட்டாமல், சக ஆசிரியர் ஒருவரைப் போடச் சொல்லுங்கள். இரண்டு பேர் போட்ட மதிப்பெண்ணும் ரொம்ப வேறுபட்டால் உட்கார்ந்து பேசி ஏன் என்று பாருங்கள். இவ்வளவும் செய்த பிறகு, கூட்டச் சொன்ன பொறுப்பாளரிடம் புது மதிப்பெண் தாளைக் கொண்டுபோய் வையுங்கள். அப்போதும் பாதிப் பேருக்கு 10க்குக் கீழேதான் என்றால், அந்த மதிப்பெண்ணே நிற்கட்டும். பெற்றோர் வந்தால் அவர்கள் பிள்ளையின் குரலை அவர்களுக்கே போட்டுக் காட்டி, எதில் என்ன உதவி வேண்டும் என்று சொல்லுங்கள். சொந்தப் பிள்ளையின் நிலை தெரிந்துகொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. பொய்யான நாலு மதிப்பெண்ணை வாங்கிக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்?

உங்கள் கணவரிடம் ஒன்று சொல்லுங்கள். ஊரோடு ஒத்துப் போவது கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்குச் சரி. பிள்ளைகள் மதிப்பெண்ணுக்கு ஆகாது.

இதெல்லாம் அடுத்த வாரத்து வேலை. அதற்கு முன்னால் நாளைக் காலை ஒரு வேலை இருக்கிறது. அந்தப் பையனைத் தனியாகக் கூப்பிடுங்கள். தேர்வைப் பற்றிப் பேச வேண்டாம். ஆங்கிலமும் வேண்டாம், மலாயில் கேளுங்கள். பாட்டி எந்த வார்டில் இருக்கிறார், என்ன நோய், அவன் எத்தனை நாளாக அங்கே தூங்குகிறான், வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், அப்பா அம்மா எங்கே வேலை செய்கிறார்கள். பாட்டியை என்னவென்று கூப்பிடுவான் என்று கேளுங்கள், பெரும்பாலும் 'ஆ மா' என்பான். 17 வயதில் இரவெல்லாம் பாட்டி பக்கத்தில் உட்காரும் பிள்ளையை வளர்த்த வீடு எப்படிப்பட்ட வீடு என்று தெரிந்துகொள்ள எனக்கே ஆசையாக இருக்கிறது. பெரியவர்களைப் பார்த்துக்கொள்வது பிள்ளைகளின் கடமை என்று நம்புகிறவள் நான், அதில் இன்றைக்கும் மாற்றமில்லை. ஆனால் எஸ்பிஎம் வருஷத்தில் அந்தச் சுமை முழுவதும் ஒரு பையன் தோளில் இருந்தால், பெரியவர்கள் யாராவது முறை மாற்றிக்கொள்ள வேண்டும். அதை அவன் வீட்டில் சொல்ல அவனுக்கு வாய் வராது. வகுப்பு ஆசிரியரிடமும் பள்ளி ஆலோசக ஆசிரியரிடமும் சொல்லி, அவர்கள் மூலமாகப் பேச வையுங்கள். முடிந்தால் ஒரு சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு நீங்களே போய் அந்த அம்மாளைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அவனுக்கு மறுதேர்வைக் கடைசி ஜோடியாக வையுங்கள், கொஞ்சம் தூங்கி எழுந்து வரட்டும். தலைப்பை மாற்ற வேண்டாம். பாட்டியைப் பற்றியே பேசட்டும், இந்தத் தடவை அவன் நிறுத்திய இடத்தில் நீங்கள் கேளுங்கள்.