தலைக்கயிறு முதல் குளவிக்கூடு வரை: இலங்கைத் தேயிலைத் தோட்ட வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கொழுந்துக் கூடை சுமந்து கழுத்து இழுத்துப் பிடிக்கிறது. விடியற்காலையில் வலது கை விரல்கள் மரத்துக் கிடக்கின்றன. தைலம் தேய்த்தால் ஒரு நாளைக்குக் கேட்கும், பிறகு பழையபடிதான். வேலையை விடவும் முடியாது.
— வாசகி, மஸ்கெலியா

தைலம் வலியைத்தான் தணிக்கும், கூடையின் இழுவையைக் குறைக்காது. கயிறு தலையில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். நெற்றியில் என்றால் கூடை தலையைப் பின்னால் இழுக்கும், கழுத்துத் தசை அதை எதிர்த்து நாள் முழுக்க விறைத்து நிற்கும். முடி தொடங்கும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், உச்சிக்கு முன்னே வையுங்கள். அப்போது பாரம் முதுகெலும்பு வழியே நேராகக் கீழே இறங்கும். வெறும் கயிறு வேண்டாம். பழைய சேலைத் துணியை மூன்று விரல் அகலத்துக்கு நான்காக மடித்துத் தைத்து, தலையில் படும் இடத்தில் சேர்த்துக் கட்டுங்கள்.

கூடை தாழத் தொங்கினால் அடிக்கு அடி ஆடும், ஒவ்வொரு ஆட்டமும் கழுத்தில்தான் வெட்டும். முதுகோடு ஒட்டி, கூடையின் அடி இடுப்புக்குக் கீழே போகாதபடி கயிற்றைக் குறுக்குங்கள். நிறைந்த கூடையைத் தரையிலிருந்து தூக்கி, உடம்பைத் திருகித் தலையில் மாட்டுவதுதான் ஆகக் கெட்ட பழக்கம். இடுப்பு உயர மண்மேட்டில் கூடையை வைத்து, அதற்கு முதுகைக் கொடுத்துக் கயிற்றை மாட்டி, முழங்காலை மடக்கி எழும்புங்கள்.

மழை நாளில் இலையோடு தண்ணீரையும் சேர்த்துத்தான் சுமக்கிறீர்கள். கூடை பாதியானதும் மலையோரத்தில் நிழலில் வைத்த சாக்கில் கொட்டிவிடுங்கள். நிழலில் அமுக்காமல் கிடந்தால் கொழுந்து சீக்கிரம் சிவக்காது. அந்தச் சாக்கை அங்கே வைத்துத் தருவது நிர்வாகத்தின் வேலை, உங்களுடையதல்ல.

இன்னொன்றை யாரும் கவனிப்பதில்லை: செடியின் உயரம். கவ்வாத்துக்கு (செடியை வெட்டிக் குட்டையாக்குவதற்கு) முந்தின வருடத்தில் செடியின் மேல்மட்டம் ஏறிவிடும். குட்டையான பெண்கள் அந்த மலையில் (தோட்டப் பகுதியில்) நாள் முழுக்க முழங்கையைத் தூக்கியபடியே நிற்க வேண்டும், தோள் போகாமல் என்ன செய்யும்? நிரை (கொழுந்து எடுக்கும் வரிசை) பிரிக்கும்போது உயரமானவர்களுக்கு அந்த மலையையும், மற்றவர்களுக்குக் கவ்வாத்து முடிந்து சில காலமே ஆன மலையையும் கொடுக்கச் சொல்லி, வேலையை மேற்பார்க்கும் கங்காணியிடம் கேளுங்கள். சரிவில் செடிக்கு மேல்பக்கம் நின்று எடுத்தாலும் சில அங்குலம் மிச்சம்.

எந்த விரல் மரக்கிறது என்று குறித்துவையுங்கள். கட்டைவிரலிலிருந்து நடுவிரல் வரை என்றால், கோளாறு கழுத்தில் இல்லாமல் மணிக்கட்டு நரம்பிலும் இருக்கலாம். மணிக்கட்டை மடக்காமல் தூங்கிப் பாருங்கள். பிடித்த பொருள் கைநழுவி விழுந்தாலோ, நடை தடுமாறினாலோ தோட்ட டிஸ்பென்சரியோடு நிற்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) கொழுந்தை அரைக்கும் ரோட்டர்வேன் மெசின் அடைத்துக்கொண்டால் சுவிட்சை நிறுத்திவிட்டுக் கையால் தோண்டுகிறோம். அண்மையில் ஒருவருக்கு இரண்டு விரல் போனது. “கவனமில்லை” என்று சொல்லி முடித்துவிட்டார்கள்.
— வாசகர், தலவாக்கலை

முடித்தது தவறு. சுவிட்சை நிறுத்துகிறவர் ஒருவர், கையை விடுகிறவர் இன்னொருவர். அந்த இரைச்சலில் மறுபக்கத்தில் நிற்பவர் திரும்பப் போட்டுவிட்டால் கையை எடுக்க நேரமிருக்காது. “கவனம்” என்று சுவரில் எழுதியதால் எந்த மெசினும் நின்றதில்லை.

முறை இதுதான். மெயின் ஐசொலேட்டரை (மின்சாரத்தை முழுதாகத் துண்டிக்கும் சுவிட்சை) இறக்கிப் பூட்டுப் போடுங்கள். கையை விடுகிறவரின் சட்டைப் பையில்தான் சாவி இருக்க வேண்டும். இருவர் இறங்கினால் இரண்டு பூட்டு. பிறகு ஸ்டார்ட் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்த்து, ஓடவில்லை என்று தெரிந்த பின்தான் மூடியைத் திறக்கலாம். அப்போதும் தோண்டுவது மரச்சுரண்டியால்தான்.

ஓடும்போது மெசினின் வாய்க்குள் கை போகாமல் இருக்கக் கம்பிவலை வேண்டும். பாதுகாப்புத் தரக் கணக்குப்படி 40 முதல் 120 மில்லிமீட்டர் வரை இடைவெளியுள்ள வலை என்றால், அதற்கும் சுழலும் பாகத்துக்கும் இடையே 850 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். ஒரு முழுக் கையின் எட்டம் அது. அடைப்பு அடிக்கடி வந்தால், இலையை ஒரேயடியாகக் கொட்டுகிறார்களா, கல்லோ கம்பியோ சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள்.

1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டப்படி ஆபத்தான பாகங்களுக்குக் காப்பு போடுவது முதலாளியின் கடமை. மூன்று நாளுக்கு மேல் வழக்கமான வேலை செய்ய முடியாத காயம் என்றால் தொழில் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். நட்டஈடு தனி விடயம்: அதற்கு 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. வெறும் கவனக்குறைவைச் சொல்லி அதை மறுக்க முடியாது. ஆனால் காப்பை வேண்டுமென்றே கழற்றியது தொழிலாளிதான் என்று காட்டினால் சிக்கல் வரும். ஆகவே காப்பு கழன்று கிடந்தால் அன்றைக்கே எழுத்தில் கொடுத்து, பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்துப் பம்போடு சரிவில் ஏறினால் இடுப்பு விட்டுப் போகிறது.
— வாசகர், நானுஓயா

16 லீற்றர் பம்பு நிரம்பினால் தண்ணீர் மட்டும் 16 கிலோ. 10 லீற்றரோடு நிறுத்துங்கள், மருந்தையும் அதற்கேற்பக் குறையுங்கள்: 16 லீற்றருக்கு 40 மில்லி என்றால் 10 லீற்றருக்கு 25 மில்லி. ஏறி இறங்காமல் சரிவுக்குக் குறுக்காக நடந்து, காற்றுக்கு முதுகு காட்டி அடியுங்கள். சட்டைக் கை கையுறைக்கு வெளியே, காற்சட்டை பூட்ஸுக்கு வெளியே. உள்ளே விட்டால் வழிகிற மருந்து நேராக உள்ளே போய்ச் சேரும். நொசில் அடைத்தால் வாயால் ஊதவே கூடாது.

கொழுந்து எடுக்கும்போது குளவி கலைந்தால் என்ன செய்வது?
— வாசகி, பொகவந்தலாவை

நிரையில் இறங்குமுன் மரக்கிளை, கான் (வடிகால்) கரை, பாறை இடுக்கு எல்லாம் பார்த்து, கூடு இருந்தால் அடையாளக் கொடி கட்ட வேண்டும். கலைந்துவிட்டால் கூடையைப் போட்டுவிட்டு, இடுப்பில் கட்டிய படங்கால் முகத்தை மூடி ஓடுங்கள். கையை வீசாதீர்கள்.

மலைத்தேனீ கொட்டினால் கொடுக்கு உடம்பில் நின்று விஷத்தை இறக்கிக்கொண்டே இருக்கும், நகத்தால் உடனே சுரண்டி எடுங்கள். குளவி கொடுக்கை விடாது, தேட வேண்டாம். வீங்குமுன் வளையலையும் மோதிரத்தையும் கழற்றுங்கள். தொண்டை அடைப்பு, இளைப்பு, தலைச்சுற்று, உடம்பெல்லாம் தடிப்பு, இதில் ஒன்று வந்தாலும் ஆளை நடக்க விடாதீர்கள். படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சு முட்டினால் உட்காரவையுங்கள். வாகனம் அவர் இருக்கும் இடத்துக்கு வரட்டும்.

நிறையக் கொட்டுப் பட்டவர் “எனக்கு ஒன்றுமில்லை” என்றாலும் அன்றே வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். விஷம் சிறுநீரகத்தைத் தாக்குவது பிறகுதான் தெரியும், சிறுநீர் கறுத்துப் போகும். எத்தனை கொட்டு, எத்தனை மணிக்கு என்று ஒரு துண்டில் எழுதி அவர் கையிலேயே கொடுத்தனுப்புங்கள்.