நாள்பட்ட நோயோடு வளர்ந்தவர்களே, உங்களுக்கு வாழ்க்கையில் ஒரு பிடிப்பு எப்போது வந்தது?

எனக்கு ஹீமோபிலியா ஏ, தீவிர வகை. ரத்தம் உறையத் தேவையான எட்டாம் காரணி என் உடம்பில் ஒரு சதவீதம்கூட இல்லை. விரலில் கீறினால் ரத்தம் கொட்டித் தீர்ந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் பெரிய தொல்லை உள்ளே. விழாமல் இடிபடாமல் சும்மா இருக்கும்போதே மூட்டுக்குள் கசியும். சாயங்காலம் முழங்காலில் லேசாகக் குறுகுறுக்கும். நடுராத்திரிக்குள் வீங்கிப் போர்வை பட்டாலே உயிர் போகும். அம்மா துண்டில் ஐஸ் கட்டியைச் சுற்றி வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருப்பார். முதல் பஸ்ஸுக்கு அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். எங்கள் பக்கம் அப்போது ஃபேக்டர் ஊசி, அதாவது அந்த எட்டாம் காரணியையே மருந்தாகப் போடுவது, கிடைக்காது; ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாதான் ஏற்றுவார்கள். வலது கால் இன்னமும் முழுசாக நீளாது.

ஆனால் அந்த வலியைவிட எனக்கு அதிகம் நினைவிருப்பது, அம்மா வாங்கிய பேச்சு. "எங்க வம்சத்துல இப்படி ஒண்ணு கிடையாது, எல்லாம் அவ கொண்டு வந்தது" என்று வீட்டுப் பெரியவர்கள் அவர் காதுபடவே சொல்வார்கள். அம்மா பதில் பேசியதில்லை.

எனக்கு 22 வயதிருக்கும்போது, நோயாளிகள் கூட்டம் ஒன்றுக்கு இருவரும் போனோம். டாக்டர் ஒருவர் விளக்கினார்: ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது குடும்பத்தில் யாருக்குமே இல்லாமல் புதிதாக ஏற்படும் மரபணு மாற்றம். தாய்வழி வந்தாலும் அது எக்ஸ் குரோமோசோம் செய்கிற வேலை, தாய் செய்த தப்பு இல்லை. அம்மா எழுந்து, "இன்னொரு தடவை சொல்லுங்க டாக்டர்" என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் அதை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். நாலாக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார். எனக்கு என்ன வேலை இருக்கிறதென்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் புதிதாக வரும் குடும்பங்களோடு உட்காருகிறேன். ஃபேக்டர் நம் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது, ஆனால் வீட்டிலேயே போடத் தெரிந்தால்தான் ராத்திரிக் கசிவை உடனே நிறுத்த முடியும். மருந்துத் தூளில் அதோடு தரும் தண்ணீரை விட்டதும் குலுக்கக் கூடாது, பாட்டிலை மெதுவாகச் சுழற்ற வேண்டும். முதல் தடவை எல்லாருக்கும் கை நடுங்கும். அப்புறம், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஹீமோபிலியாவும் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. சான்றிதழ் வாங்கக் கூடவே போகிறேன். பள்ளி ஆசிரியர்களிடம், கால் வலிக்கிறது என்று பையன் சொன்னால் நடிப்பு என்று நினைக்காதீர்கள், உடனே வீட்டுக்குச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் எங்கே போனாலும் முதலில் சொல்வது அந்த மூன்றில் ஒருவர் கணக்கைத்தான். போன மாதம் கைக்குழந்தையோடு வந்த பெண் ஒருவர் அதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "அண்ணா, என் மாமியார் வெளியில உட்கார்ந்திருக்காங்க. அவங்ககிட்டயும் இதை வந்து சொல்வீங்களா?" என்றார். எழுந்து போய்ச் சொன்னேன்.