சுவரோடு ஒரு சைக்கிள்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

பினாங்கு ஜார்ஜ் டவுன் சுவரோவியங்களைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். எர்னஸ்ட் சகரேவிச்சை அவ்வளவு பாராட்டியிருக்க வேண்டுமா? சிரிக்கிற பிள்ளைகளை அழகாக வரைந்திருக்கிறார், அவ்வளவுதானே. படம் பிடிக்க வரிசையில் நிற்கும் கூட்டத்தைத் தவிர அங்கே என்ன இருக்கிறது? பிள்ளைப்பருவத்தின் வறுமையும் வலியும் அவருக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை. அந்தச் சுவர்களில் நம் தமிழ்ப் பிள்ளைகள் எங்கே? பள்ளி விடுமுறைக்குக் கோலாலம்பூரிலிருந்து பேத்தி வருகிறாள். அவளை அங்கே கூட்டிப்போகலாமா என்று யோசிக்கிறேன்.

ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை, பட்டர்வொர்த்

அன்புள்ள டீச்சர்,

கூட்டிப்போங்கள்.

லெபோ ஆர்மேனியன் தெருவில் உள்ள சைக்கிளையே எடுத்துக்கொள்வோம். லித்துவேனியாவைச் சேர்ந்த சகரேவிச் 2012 ஜார்ஜ் டவுன் விழாவுக்காகச் செய்தது. அக்கா ஓட்டுகிறாள். பின்னால் தம்பி அவளைக் கட்டிக்கொண்டு வாய் நிறையக் கத்துகிறான். பிள்ளைகள் சாயத்தில் இருக்கிறார்கள். சைக்கிள் நிஜம், சுவரோடு பொருத்திய பழைய இரும்பு. அங்கே வரும் சிறுபிள்ளைகளைக் கவனித்திருக்கிறேன். பெரியவர்கள் அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிள்ளையின் கை நேராகச் சைக்கிளுக்குப் போய்விடும். இரும்பைத் தொடும், பிறகு வரைந்த காலைத் தொடும், மறுபடி இரும்புக்கு வரும். இந்தக் கால் எப்படி அதை மிதிக்கிறது? சகரேவிச்சிடம் நான் மதிப்பது இதைத்தான். வியப்பை முகத்தில் வரைந்து காட்டுவதோடு அவர் நிற்கவில்லை, பார்க்க வந்த பிள்ளையின் கையிலும் கொடுத்துவிடுகிறார்.

லெபோ கேனனில் ஒரு சிறுவன் நிஜ நாற்காலிமேல் ஏறி, சுவரில் எட்டாத உயரத்திலிருக்கும் திறப்புக்குக் கை நீட்டுகிறான். லெபோ முந்த்ரியில் நீல உடைச் சிறுமி இரண்டு சன்னல்களின் மேல்மறைப்பில் கையூன்றி அந்தரத்தில் நிற்கிறாள். சன்னல்கள் கட்டடத்தின் சன்னல்களேதான். 2008-இல் யுனெஸ்கோ உலக மரபுடைமை என்று அறிவித்ததிலிருந்து அந்தக் கடைவீடுகளைத் தொடாமல் பார்க்கவே நாம் பழகியிருந்தோம். பிடித்து ஏறுவதற்கும் தொங்குவதற்கும் அவற்றில் எத்தனை இடம் இருக்கிறது என்று பிள்ளைக்குத்தான் முதலில் தெரியும். இவருக்கும் தெரிந்திருக்கிறது.

வலி தெரியாதவர் என்று நீங்கள் சொல்வதை ஏற்க முடியவில்லை. 2013-இல் ஜொகூர் பாருவில் லெகோ பொம்மை உருவில் கைப்பையோடு ஒரு பெண்ணையும், சுவர் முனைக்கு அந்தப்பக்கம் கத்தியோடு காத்திருக்கும் திருடனையும் வரைந்தார். நகர மன்றம் வெள்ளையடித்து அழித்தது. 2018-இல் சுமத்ராவில் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை மரங்களை வெட்டி, வானத்திலிருந்து பார்த்தால் எஸ்.ஓ.எஸ். என்று படிக்கும்படி தோட்டத்துக்குள்ளேயே எழுதினார். அழியும் காட்டுக்கான அபயக்குரல் அது. செம்பனை வரிசைகளுக்கு நடுவே வளர்ந்த நம்மவர்களுக்கு அந்தக் காட்சி வேறு விதமாகவும் வலிக்கும்.

வறுமையைச் சொன்னால்தான் கலை என்ற எண்ணம் நம்மிடையே வலுவாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ரப்பர் தோட்டத்து லயங்களில் வளர்ந்த பிள்ளைகளும் விளையாடினார்கள், டீச்சர். ரப்பர் கொட்டையைக் குவித்து வைத்துக்கொண்டு பொழுது சாயும்வரை விளையாடினார்கள். அவர்கள் பட்ட கஷ்டத்தை நிறைய எழுதிவிட்டோம். அந்த விளையாட்டை ஏன் இவ்வளவு குறைவாக எழுதினோம்?

நம் பிள்ளைகள் எங்கே என்று நீங்கள் கேட்டது முற்றிலும் நியாயம். ருஷ்ய ஓவியர் ஜூலியா வோல்ச்கோவா தீட்டிய இந்தியப் படகோட்டி ஜார்ஜ் டவுனில் இருக்கிறார், ஆனால் அவர் பெரியவர். லெபோ பாசாரில் ஒரு சுவர் கிடைத்தால், ரப்பர் பால் சுமக்கும் நிஜ வாளி ஒன்றைப் பொருத்தி, அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடும் ஒரு பிள்ளையை நம் ஓவியர் யாராவது வரைய வேண்டும் என்பது என் ஆசை. இதை லித்துவேனியாக்காரரிடம் எதிர்பார்க்க முடியாது. வாளியின் எடையும் அதில் ஒட்டிக் காய்ந்த பாலின் வாடையும் தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை.

தள்ளிப்போடாதீர்கள். ஈரம் ஏறிய சுவரில் சாயம் நிற்காது. கடல்மேல் வீடுகள் நிற்கும் சியூ ஜெட்டியில் சகரேவிச் வரைந்த படகுப் பிள்ளைகள் மங்கியே போய்விட்டார்கள். காலையில் கடைகள் திறக்குமுன் ஃபெர்ரி பிடித்து வாருங்கள், அப்போது வரிசை இருக்காது. லெபோ முந்த்ரியில் தொடங்கி, ஆ குவீ தெருவின் மோட்டார் சைக்கிளைப் பார்த்துவிட்டு, லெபோ ஆர்மேனியனுக்கு வரலாம். பேத்தியை நிற்கவைத்துப் படம் எடுப்பதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். முதலில் அவள் கை எங்கே போகிறது என்று பார்த்து, எனக்கும் எழுதுங்கள்.