சுகர் உள்ளவர்கள் கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை போட்ட இனிப்பைத் தாராளமாகச் சாப்பிடலாமா?

கூடாது. இனிப்பே தொடக்கூடாது என்று சொல்லவில்லை. கருப்பட்டி என்பதற்காகத் தாராளமாகச் சாப்பிடுவதைத்தான் சொல்கிறேன்.

உங்கள் வீட்டிலும் யாரோ பாசத்தோடு கருப்பட்டி மிட்டாய் வாங்கி வந்து நீட்டியிருக்கிறார்கள் போலிருக்கிறது. எனக்கு வாங்கி வருபவர் என் மைத்துனர். உடன்குடிப் பக்கம் போய்வந்தால் கருப்பட்டி இல்லாமல் வரமாட்டார். "சீனிதான் அத்தான் விஷம். இது பனை. சுகருக்கு ஒண்ணும் செய்யாது, சும்மா சாப்பிடுங்க" என்பார். கூடவே குடும்ப வாட்ஸப் குரூப்பில் அதைப் பற்றி ஒரு வீடியோவும் வந்து விழும்.

வாயால் சொல்லி ஓய்ந்துபோய், ஒருமுறை அவர் எங்கள் வீட்டில் தங்கியிருந்தபோது அவர் கண் முன்னாலேயே சோதித்துக் காட்டினேன். முதல் நாள் காலை நாலு இட்லி, 10 கிராம் சீனி போட்ட காபி. மறுநாளும் அதே நாலு இட்லி, அதே சட்னி, காபியில் மட்டும் 10 கிராம் கருப்பட்டி. சமையலறைத் தராசில் எடை போட்டவரே அவர்தான். இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்த்தால் சீனிக்கு 196, கருப்பட்டிக்கு 191. "பாத்தீங்களா, அஞ்சு குறைஞ்சிருக்கு!" என்றார். அந்த மெஷினே 15 சதவீதம் வரை முன்பின் காட்டலாம் என்று விளக்கிய பிறகுதான் கொஞ்சம் அமைதியானார்.

விஷயம் இதுதான். சீனி, வெல்லம், நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி எல்லாவற்றிலும் பெரும்பங்கு சுக்ரோஸ் என்ற ஒரே சர்க்கரைதான். தேனில் சுக்ரோஸ் குறைவு என்றாலும் 100 கிராமுக்கு 80 கிராம் வரை சர்க்கரைதான். உடனே இயற்கை ஆர்வலர்கள் சண்டைக்கு வரவேண்டாம். கருப்பட்டியில் தாதுச்சத்து இருக்கிறது, ருசி இருக்கிறது, பனையேறிகளுக்கு வருமானமும் இருக்கிறது. சுகர் இல்லாதவர்கள் நன்றாக வாங்கிச் சாப்பிடட்டும். நான் டாக்டரும் இல்லை, எந்த மருந்துக் கம்பெனிக்கும் ஏஜெண்டும் இல்லை.

அடுத்து ஸ்வீட் கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் தனியாக அடுக்கி வைத்திருக்கும் 'சுகர் ஃப்ரீ' வகைகள். பாதிக்கு மேல் பேரீச்சம்பழமும் அத்திப்பழமும் அரைத்துப் பிடித்தவை. சர்க்கரை சேர்க்கவில்லை என்பது உண்மைதான், ஆனால் உலர்ந்த பேரீச்சையில் பாதிக்கு மேல் சர்க்கரைதானே? பாக்கெட்டில் வருவதென்றால் பின்பக்கம் 'மால்டிடால்' என்று இருக்கிறதா பாருங்கள், சீனிக்குப் பதிலாகச் சேர்க்கும் ஒரு இனிப்பு அது. அதுவும் ஓரளவு சர்க்கரையை ஏற்றும். ஆசைப்பட்டு நாலைந்து துண்டு தின்றால் வயிறும் போகும்.

சரி, நான் என்னதான் சாப்பிடுகிறேன்? எனக்குக் கைகொடுப்பது கடல்பாசி, அதாவது அகர் அகர். மேலப்பாளையத்தில் நண்பர் வீட்டு நோன்பு திறப்பில் சாப்பிட்டுப் பழகியது. 5 கிராம் பாசியை ஊறவைத்து, அரை லிட்டர் தண்ணீரில் நன்றாகக் கரையும்வரை காய்ச்ச வேண்டும். இறக்கியபின் சுக்ரலோஸ் (சர்க்கரையை ஏற்றாத செயற்கை இனிப்பு) மாத்திரை, ஏலக்காய், கொஞ்சம் நன்னாரி வேர் ஊறிய தண்ணீர். (கடை நன்னாரி சர்பத் ஊற்றினால் எல்லாம் போச்சு, அது முழுக்கச் சீனிப்பாகு.) தட்டில் ஊற்றி ஆறவிட்டால் உறைந்துவிடும். பாசி என்பது நார்ச்சத்துதான், சர்க்கரையை ஏற்றாது. பாலில் செய்தால் ருசி அதிகம், ஆனால் ஒரு டம்ளர் பாலிலேயே 10 கிராம் அளவுக்குப் பால் சர்க்கரை இருக்கும், அதையும் கணக்கில் வையுங்கள். சீசனில் நுங்கு. அதற்கு எதுவும் போடத் தேவையில்லை.

சுக்ரலோஸ் போட்ட கேழ்வரகு லட்டு, தினை அல்வா எல்லாம் எனக்குச் சரிப்படவில்லை. சீனியை எடுத்தாலும் மாவு அப்படியேதான் இருக்கிறது, மெஷின் அதைக் காட்டிக்கொடுக்கிறது.

அல்வாவை விட்டுவிட்டேனா என்று கேட்டால், திருநெல்வேலியில் இருந்துகொண்டு அது முடியாது. எப்போதாவது ஒரு சின்ன வில்லை, மதியச் சாப்பாட்டோடு, சோற்றை அந்த அளவுக்குக் குறைத்துக்கொண்டு. சாப்பிட்டதும் ஒரு நடை. அல்வாவில் ஒரு தந்திரம் இருக்கிறது. நெய் அதிகம் என்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். இரண்டு மணி நேரத்தில் பார்த்தால் முழுசாகத் தெரியாமல் போகலாம், இன்னும் ஒரு மணி நேரம் பொறுத்தும் பார்த்தால்தான் அதன் குணம் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. இன்சுலினோ, கிளிமிபிரைடு மாதிரி சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிக் கை நடுங்கினால், அப்போது இந்தச் சுக்ரலோஸ் சமாச்சாரம் எதுவும் உதவாது. குளுக்கோஸோ சீனியோ மூன்று டீஸ்பூன் உடனே வேண்டும்.

கல்யாண வீட்டில்தான் கஷ்டம். நான் பாயசத்துக்காகவே சோற்றைக் குறைத்து, பொரியல் கூட்டெல்லாம் முதலில் தின்று, கடைசியில் ரெண்டு கரண்டி பாயசத்தை ரசித்துச் சாப்பிடலாம் என்று உட்கார்ந்திருப்பேன். சரியாக அந்த நேரத்தில் அடுத்த பந்திக்காரர் என் நாற்காலியில் கை வைத்து நிற்பார். சிலர் பையையே என் மடிக்குப் பக்கத்தில் வைத்து இடம் பிடிக்கிறார்கள். மொய்யும் எழுதி, பட்டு வேட்டியும் கட்டி வந்தவனை இலையில் கையிருக்கும்போதே எழுப்பிவிடும் இந்த வழக்கத்தை எவன் கண்டுபிடித்தானோ! பந்தி முடியும்வரை அடுத்த ஆளை உள்ளே விடாத மண்டபம் திருநெல்வேலி வட்டாரத்தில் எங்காவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். பையனுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அங்கேயே புக் பண்ணிவிடுகிறேன்.